கத்தி பிடிக்கும் கையும் காவல் நிற்கும் கண்ணும்



"ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்" என்னும் பழமொழி நம் பாட்டிமார் வாயில் அடிக்கடி வரும். 'ஆயிரம் வேரைக் கண்டவன்' என்பதே சரியான வடிவம், நாளடைவில் அது திரிந்துவிட்டது என்று விளக்கம் சொல்வோர் உண்டு. அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கட்டும். ஆனால் திரிந்துபோன பழமொழி இத்தனை காலம் மக்கள் நாவில் நிலைத்து நின்றதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும் அல்லவா? வைத்தியர் எவரும் யாரோ ஒருவர் உடம்பில்தான் தொழில் பழகியாக வேண்டும். அந்த யாரோ ஒருவர் நாமாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற அச்சம்தான் அந்தக் காரணம்.

பெரிய ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சைக்காகப் படுத்திருக்கும் ஒரு தோட்டத் தொழிலாளியை எண்ணிப் பாருங்கள். காலையில் கட்டிலைச் சுற்றி ஏழெட்டுப் பேர் வந்து நிற்கிறார்கள். ஒருவருக்கு மட்டுமே தலை நரைத்திருக்கிறது. மற்றவர்கள் எல்லாரும் மீசை அரும்பிய பிள்ளைகள்போல் தெரிகிறார்கள். "இந்தச் சின்ன டாக்டர் என் வயிற்றிலா கத்தி பழகப் போகிறார்?" என்ற கேள்வி அவர் தொண்டைவரை வருகிறது. கேட்கத் துணிவில்லாமல் விழுங்கிவிடுகிறார். அந்தக் கேள்விக்கு இன்று நாம் வரலாற்றின் வழியாக விடை தேடுவோம்.

இதற்கு நாம் எடுத்துக்கொள்ளும் ஊர் சிங்கப்பூர். ஜொகூர்ப் பாலத்துக்கு அப்பால் இருக்கும் ஊர்தானே என்று நினைக்க வேண்டாம். மலாயா முழுமைக்கும் டாக்டர்களை உருவாக்கித் தந்த பள்ளிக்கூடம் அங்கேதான் இருந்தது. நம் முன்னோருக்கு வைத்தியம் பார்த்த உள்ளூர் டாக்டர்களில் மிகப் பலர் அங்கே படித்து வந்தவர்கள்.

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்வோம். கைத்தொழில் எதையும் புத்தகத்தைப் படித்து மட்டும் கற்றுவிட முடியாது. பால்மரம் வெட்டுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். கத்தி மேலோட்டமாகப் போனால் பால் வராது. ஆழமாகப் போனால் மரத்தில் காயம் விழுந்து, பட்டை திரும்ப வளரும்போது முண்டும் முடிச்சுமாகிவிடும். இடையில் இருக்கும் அளவு ஒரு நூல்தான். அந்த அளவைக் கை தானாக உணர வேண்டும். அதனால்தான் புதிதாக வேலைக்கு வருபவரிடம் இளமரத்தை ஒப்படைக்காமல், சீக்கிரம் வெட்டிச் சாய்க்கப் போகும் கிழ மரத்தில் பழகவிடுவது வழக்கம். மண்டோர் பின்னால் வந்து பட்டையைப் பார்ப்பார்.

பழங்கால மருத்துவரும் இதே வழியைத்தான் கண்டார்கள். இந்தியாவின் மிகப் பழைய அறுவை மருத்துவ நூலாகிய சுசுருத சம்ஹிதையில், மாணவன் முதலில் பூசணி, சுரை, வெள்ளரி போன்ற காய்களில் அறுத்துப் பழக வேண்டும் என்று சொல்லப்பட்டிருக்கிறது. புழு அரித்த கட்டையில் கம்பி விட்டுத் துழாவிப் பார்க்கவும், துணியிலும் தோலிலும் தையல் போட்டுப் பழகவும் அந்நூல் கற்பிக்கிறது. நூல் முழுவதும் படித்திருந்தாலும் கைப்பழக்கம் இல்லாதவன் சிகிச்சைக்குத் தகுதியற்றவன் என்பது அக்காலத்து ஆசிரியர்களின் முடிவு.

ஐரோப்பாவில் நெடுங்காலம் முடி திருத்துபவரும் ரண வைத்தியரும் ஒரே சங்கத்தில் இருந்தார்கள். லண்டனில் அவர்கள் தனித்தனியே பிரிந்தது 1745இல்தான். அந்நாளில் மயக்க மருந்து கிடையாது. நோயாளியை நாலு பேர் அழுத்திப் பிடித்துக்கொள்ள, வைத்தியர் கண்மூடித் திறப்பதற்குள் வேலையை முடித்தாக வேண்டும். அந்த அலறலுக்கு நடுவே, "தம்பி, இதோ பார், இந்த நரம்பை இப்படி ஒதுக்க வேண்டும்" என்று யார் யாருக்குச் சொல்லித்தர முடியும்? 1846இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஈதர் மயக்க மருந்தின் பயன் எல்லாரும் காண நிரூபிக்கப்பட்டது. 1867இல் ஜோசப் லிஸ்டர் என்பவர் கார்பாலிக் அமிலத்தைக் கொண்டு புண் சீழ் வைப்பதைத் தடுக்கும் முறையை வெளியிட்டார். இவ்விரண்டும் வந்த பிறகுதான் அறுவைச் சிகிச்சையை நிதானமாகச் செய்ய முடிந்தது. நிதானம் வந்த பிறகுதான், குரு ஒரு பக்கமும் சீடன் மறுபக்கமும் நின்று கைமேல் கை வைத்துக் கற்பிக்க வழி பிறந்தது.

அந்த வழியை ஒரு முறையாக வகுத்தவர் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற அமெரிக்கர். 1889இல் பால்டிமோர் நகரில் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அவர் அறுவைத் துறைக்குத் தலைமை தாங்கினார். படிப்பு முடித்த இளம் மருத்துவர்களை அவர் மருத்துவமனையிலேயே தங்க வைத்தார். இரவும் பகலும் அங்கேயே குடியிருந்ததால் அவர்களுக்கு 'ரெசிடென்ட்' என்று பெயர். அதாவது உறைவிட மருத்துவர். ஆண்டு ஏற ஏற அவர்களுடைய பொறுப்பும் படிப்படியாகக் கூடும். கடைசிப் படியாகிய தலைமை உறைவிட மருத்துவர் நிலைக்கு, 33 ஆண்டுகளில் அவரிடம் பயின்று ஏறியவர்கள் 17 பேர்தான் என்றால், அவர் எவ்வளவு கண்டிப்பானவர் என்று தெரிந்துகொள்ளலாம்.

ரப்பர் தோட்டத்து நேயர்கள் இந்த ஹால்ஸ்டெட்டை நினைவில் வைத்துக்கொள்ள இன்னொரு காரணமும் உண்டு. கிருமி நாசினியால் ஒரு தாதியின் கைத்தோல் புண்ணானதைக் கண்டு, அவருக்காக மெல்லிய ரப்பர் கையுறை செய்து தரும்படி ஒரு ரப்பர்க் கம்பெனியிடம் கேட்டவர் அவரே. 1890ஐ ஒட்டிய காலம் அது. பின்னர் அந்தக் கையுறை உலகெங்கும் அறுவைக் கூடத்தின் சீருடை ஆயிற்று. 1877இல் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்துக்கு வந்து சேர்ந்த 22 ரப்பர்க் கன்றுகள் மலாயா முழுதும் பரவிய பிறகு, நம்மவர் விடியலில் எழுந்து மங்கில் சேர்த்த பாலும் அந்தக் கையுறைக்குள் போயிற்று.

கடல் கடந்து நடந்த இந்த மாற்றம் நம் பக்கம் எப்படி வந்தது? இனி சிங்கப்பூருக்கு வருவோம்.

1819இல் ராபிள்ஸ் அங்கு வந்திறங்கியபோது, இந்தியச் சிப்பாய்ப் படையுடன் தாமஸ் பிரெண்டர்காஸ்ட் என்ற ஓர் உதவி மருத்துவர் வந்தார். 1821இல் அமைந்த முதல் ஆஸ்பத்திரி வெறும் கொட்டகை. நகரம் வளர்ந்தது, நோயும் வறுமையும் கூடவே வளர்ந்தன. 1844இல் டான் டோக் செங் என்ற சீன வணிகர் கொடுத்த 5,000 வெள்ளியைக் கொண்டு, ஏழைகளுக்கான மருத்துவமனைக்குப் பேர்ல்ஸ் குன்றில் அடிக்கல் நாட்டப்பட்டது. பின்னாளில் அது சிராங்கூன் சாலைப் பக்கத்துக்கு மாறியது. 1909இல் அங்கிருந்து மோல்மின் சாலைக்குப் போயிற்று.

சிராங்கூன் சாலைக்கு உறவினர் வீடு தேடியோ தீபாவளிச் சாமான் வாங்கவோ போனவர்களுக்குத் தேக்கா சந்தை நன்றாகத் தெரிந்திருக்கும். அந்த வட்டாரத்துக்குக் கண்டாங் கெர்பாவ் என்று பெயர். மலாய் மொழியில் எருமைத் தொழுவம் என்பது அதன் பொருள். மாடும் எருமையும் கட்டியிருந்த அந்த வட்டாரத்தில்தான் 1860களில் பொது மருத்துவமனை இயங்கியது. 1873இல் காலரா கண்டபோது நோயாளிகளை அங்கிருந்து சிப்பாய் லைன்ஸ் என்ற இடத்துக்கு மாற்றினார்கள். இந்தியச் சிப்பாய்களின் முகாம் இருந்ததால் வந்த பெயர் அது. 1882இல் அவ்விடத்தில் புதிய பொது மருத்துவமனை திறக்கப்பட்டது. இன்றைய சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை நிற்பதும் அந்த இடத்தில்தான்.

கட்டடங்கள் எழும்பிவிட்டன, டாக்டர்கள் எங்கே? பெரிய டாக்டர்கள் எல்லாரும் பிரிட்டனிலிருந்து வந்த வெள்ளையர். அவர்களுக்குக் கீழே மருந்து கலக்கவும் கட்டுப்போடவும் உதவியாளர்கள் வேண்டியிருந்தது. உள்ளூரிலேயே மருத்துவப் பள்ளி தொடங்கலாம் என்று 1889இல் ஒரு யோசனை எழுந்தது. போதிய மாணவர் தேறாததால் அது கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக இங்கிருந்து பிள்ளைகளைத் தேர்ந்து சென்னை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினார்கள். நம் பாட்டன்மார் பிழைப்புத் தேடி நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறி இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்த அதே காலத்தில், மருத்துவம் கற்க இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் சென்னைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

1904இல் டான் ஜியாக் கிம் என்ற சீனத் தலைவரும் பிற சமூகப் பெரியவர்களும் சேர்ந்து, மருத்துவப் பள்ளி வேண்டுமென்று அரசுக்கு விண்ணப்பம் செய்தார்கள். மக்களிடம் திரண்ட நன்கொடை 87,077 வெள்ளி. 1905 ஜூலை 3ஆம் நாள், சிப்பாய் லைன்ஸில் ஒரு பழைய பெண்கள் மனநோய் விடுதிக் கட்டடத்தில் பள்ளி தொடங்கியது. அன்று சேர்ந்தவர்கள் 23 மாணவர்கள். 'நீரிணைக் குடியேற்ற, மலாய் கூட்டு மாநில அரசாங்க மருத்துவப் பள்ளி' என்பது அதன் நீண்ட பெயர். பெயரிலேயே மலாய் மாநிலங்களும் அடங்கியிருந்ததைக் கவனியுங்கள். 1910இல் முதன்முதலாகத் தேறி வந்தவர்கள் எழுவர். பிற்பாடு அதற்கு ஏழாம் எட்வர்ட் மன்னரின் பெயர் சூட்டப்பட்டது. 1916இல் அதன் பட்டத்தைப் பிரிட்டனின் பொது மருத்துவ மன்றம் ஏற்றுக்கொண்டது. 1921இல் அது கல்லூரியாக உயர்ந்தது.

அந்தப் பள்ளியின் பெரிய பலம் அது நின்ற இடம். வகுப்பறைக்கும் வார்டுக்கும் நடந்துபோகும் தூரம்தான். காலையில் கட்டிலருகே பார்த்த நோயை மாலையில் புத்தகத்தில் படித்தார்கள். ஆனால் அதற்கு மேல் ஏணி இல்லை. உயர்ந்த மருத்துவப் பதவிகள் ஐரோப்பியருக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்தன. உள்ளூர்ப் பட்டதாரிகளுக்குக் கிடைத்தது 'உதவி மருத்துவ அதிகாரி' என்ற வேலை. எத்தனை திறமை இருந்தாலும் அறுவைக் கூடத்தில் அவர் துணைக்கை. தலைமைக் கை வேறொருவருடையது. மேற்பார்வை என்பது கற்றுத் தந்து கைதூக்கிவிடவும் உதவும். கீழேயே அமுக்கி வைக்கவும் உதவும் என்பதற்கு அந்தக் காலமே சாட்சி.

இந்த அமைப்பை எதிர்பாராமல் உடைத்தது போர். 1942 பிப்ரவரியில் ஜப்பானியப் படை சிங்கப்பூரைச் சூழ்ந்தபோது, மருத்துவ மாணவர்கள் மருத்துவமனைகளில் காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டான் டோக் செங் மருத்துவமனையில் பணியில் இருந்த ஒரு மாணவர் குண்டடிபட்டு இறந்தார். பிப்ரவரி 14ஆம் நாள் அவரைக் கல்லூரி வளாகத்தில் அடக்கம் செய்துகொண்டிருந்த நண்பர்கள்மீது பீரங்கிக் குண்டுகள் விழுந்து பலர் அங்கேயே மாண்டார்கள். டாக்டர் என்ற பெயரை அடையும் முன்பே கடமையை அடைந்துவிட்ட பிள்ளைகள் அவர்கள். அவர்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் பொது மருத்துவமனை வளாகத்தில் இருக்கிறது.

வெள்ளைக்கார டாக்டர்கள் சிறை முகாமுக்குப் போன பின்பு, பெரிய பொறுப்புகள் உள்ளூர் டாக்டர்களின் தோளில் விழுந்தன. அவர்களில் ஒருவர் பெஞ்சமின் ஷியர்ஸ். 1929இல் அதே கல்லூரியில் தேறிய யுரேசியர். கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை 1924இல் 30 கட்டில்களுடன் மகப்பேற்று மருத்துவமனையாகியிருந்தது. போர்க்காலத்தில் அங்கே மகப்பேற்றுப் பிரிவுக்கு ஷியர்ஸ் தலைமை ஏற்றார். வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுக்கும் சிகிச்சையில், கருப்பையின் மேற்பகுதியில் நீளமாக வெட்டும் பழைய முறைக்குப் பதிலாகக் கீழ்ப்பகுதியில் வெட்டும் பாதுகாப்பான முறையைச் சிங்கப்பூரில் நிலைநாட்டியவர் அவரே. அந்த மாற்றத்தால் உயிர் தப்பிய தாய்மார் பலர்.

அப்படிப்பட்டவருக்கும் 'நிபுணர்' என்ற பட்டம் உள்ளூரில் கிடைக்கவில்லை. 1947இல் கப்பல் ஏறிப் பிரிட்டனுக்குப் போய்ப் படித்து, 1948இல் அங்குள்ள மகப்பேற்று மருத்துவக் கல்லூரியின் உறுப்பினர் தேர்வில் தேறித் திரும்பினார். பிறகு பேராசிரியரானார். 1971 முதல் 1981இல் மறையும்வரை சிங்கப்பூரின் அதிபராகவும் விளங்கினார்.

ஷியர்ஸ் போன வழியில்தான் அன்று எல்லாரும் போக வேண்டியிருந்தது. அறுவை மருத்துவராக விரும்பியவர், எடின்பரோ அல்லது லண்டன் போய் எஃப்.ஆர்.சி.எஸ். என்ற தேர்வை எழுத வேண்டும். அதற்கு அரசு உதவிச் சம்பளம் வேண்டும், அல்லது அப்பன் வீட்டுச் சொத்து வேண்டும். இரண்டும் இல்லாதவருக்கு அந்தக் கதவு அடைத்தே கிடந்தது.

அந்தக் கதவு உள்ளூரிலேயே எப்படித் திறந்தது என்று பார்ப்போம். 1949இல் மருத்துவக் கல்லூரியும் ராபிள்ஸ் கல்லூரியும் இணைந்து மலாயாப் பல்கலைக்கழகம் ஆயின. 1950களில் ஈப்போவில் பிறந்த இயோ கிம் செங், அறுவைத் துறையின் முதல் உள்ளூர்ப் பேராசிரியரானார். பிற்காலத்தில் அவர் சிங்கப்பூர் நாடாளுமன்றத்தின் சபாநாயகராக நெடுங்காலம் இருந்தார். சிங்கப்பூரில் பேராசிரியராக இருந்த தமிழரான டி. ஜே. தனராஜ், 1963இல் கோலாலம்பூரில் நமக்கென்று ஒரு மருத்துவத் துறையைத் தொடங்க வந்து, அதன் முதல் தலைவரானார். 1957இல் சிங்கப்பூரின் நிபுணர்கள் ஒன்றுகூடி மருத்துவக் கழகம் அமைத்தார்கள். 1970இல் அறுவை, பொது மருத்துவம், குழந்தை மருத்துவம் ஆகியவற்றில் முதுநிலைத் தேர்வு உள்ளூரிலேயே நடந்தது.

அதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். 1966இல் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் பிறந்த குழந்தைகள் 39,000க்கும் மேல். ஒரே மகப்பேற்று மருத்துவமனையில் உலகிலேயே மிக அதிகம் என்று கின்னஸ் சாதனை நூலில் அது இடம்பெற்றது. ஒரு நாளைக்குச் சராசரியாக நூறு பிரசவத்துக்கு மேல்! சிக்கலான பிரசவங்களும் அவற்றில் ஏராளம். இங்கிலாந்தில் ஆண்டுக் கணக்கில் காத்திருந்து காண வேண்டியதை இங்கே ஓர் இளம் டாக்டர் சில மாதங்களில் கண்டுவிடுவார். இலங்கையில் பிறந்த தமிழரான பேராசிரியர் எஸ். எஸ். ரத்னம் 1970 முதல் 1995 வரை பல்கலைக்கழகத்தின் மகப்பேற்று, மகளிர் மருத்துவத் துறைக்குத் தலைமை தாங்கினார். சிங்கப்பூரின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை 1983இல் பிறந்தது அவருடைய குழுவின் முயற்சியால்தான்.

பழைய பிரிட்டிஷ் முறையில் ஒரு குறை இருந்தது. நல்ல குரு வாய்த்தால் சீடன் தேறுவான்; வாய்க்காவிட்டால் வார்டு வேலையிலேயே ஆண்டுகள் கழியும். 1998இல் நிபுணர்களுக்கெனத் தனிப் பதிவேடும், அவர்களை ஏற்று அங்கீகரிக்கும் வாரியமும் அமைந்தன. 2010இல் அமெரிக்க முறையைத் தழுவி ரெசிடென்சி பயிற்சி தொடங்கியது. ஹால்ஸ்டெட் போட்ட விதை 120 ஆண்டுகளுக்குப் பின் சிங்கப்பூர் வந்து சேர்ந்தது எனலாம். எந்த ஆண்டில் எதைக் கற்க வேண்டும், யார் கற்பிக்க வேண்டும், எப்படி அளக்க வேண்டும் என்பதெல்லாம் எழுத்தில் வகுக்கப்பட்டன. வேலை நேரத்தைக் குறைத்தால் கைப்பழக்கமும் குறைந்துவிடாதா என்று மூத்த மருத்துவர் சிலர் கவலைப்பட்டதும் உண்டு. அதுவும் நியாயமான கவலைதான்.

இன்று ஒரு பிள்ளை சிங்கப்பூரில் பொது அறுவை மருத்துவராக எவ்வளவு காலம் ஆகும்? பெரும்பாலும் ஐந்தாண்டு மருத்துவப் படிப்பு. அதன்பின் ஓராண்டு வார்டுப் பயிற்சி. அதன்பின் ஐந்தாண்டு ரெசிடென்சி. ஆக, பதினொரு ஆண்டுகளுக்குக் குறையாது.

வார்டுப் பயிற்சியில் இருப்பவர் நோயாளியின் கதையைக் கேட்டு எழுதுவார், இரத்தம் எடுப்பார், மருந்து நீர் ஏற்றுவார். அறுவைக் கூடத்தில் அவருக்குக் கிடைக்கும் வேலை, வெட்டிய இடத்தை விலக்கிப் பிடிக்கும் கொக்கியை அசையாமல் பிடித்திருப்பது. கை மரத்துப் போகும். ஆனால் கண் கற்றுக்கொள்ளும். அடுத்து, முடிந்த அறுவையில் தோலைத் தைக்க விடுவார்கள். பின்பு குடல்வால் அகற்றுதல், குடலிறக்கம் போன்ற வழக்கமான சிகிச்சைகளில் சில கட்டங்களை மட்டும் செய்ய விடுவார்கள். நாளடைவில் முழுச் சிகிச்சையையும் ஒப்படைப்பார்கள். ஒவ்வொரு அறுவையும் பயிற்சிப் பதிவேட்டில் ஏறும்: உடன் நின்றாரா, மேற்பார்வையில் செய்தாரா, தனியே செய்தாரா, மேற்பார்த்தவர் யார் என்ற விவரங்களுடன்.

மேற்பார்வையிலும் படிகள் உண்டு. முதற்படியில், மூத்த மருத்துவர் கை கழுவிக் கையுறை அணிந்து எதிரே நிற்பார். பயில்பவரின் கை தடுமாறினால் அந்த நொடியே கத்தி கைமாறும். இரண்டாம் படியில், அவர் கட்டடத்துக்குள்ளேயே இருப்பார். கூப்பிட்டதும் வந்து நிற்பார். மூன்றாம் படியில், வெளியில் இருந்தாலும் தொலைபேசியில் வழி சொல்வார். வேண்டுமானால் புறப்பட்டு வருவார். கடைசிப் படியில், செய்து முடித்ததைப் பின்னர் சரிபார்ப்பார். பயில்பவர் எந்தப் படியில் நிற்கிறார் என்பதை அவருடைய ஆசையோ அவசரமோ முடிவு செய்வதில்லை. அவர் காட்டிய திறமையே முடிவு செய்கிறது.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலும் எங்களுக்கு இப்படித்தான் நடந்தது. நாங்கள் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவோம்; விரிவுரையாளர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பு எடுப்பார். நான் கணக்கைத் தவறாகச் சொன்னால் மறுநாள் திருத்திக்கொள்ளலாம். அறுவைக் கூடத்தில் மறுநாள் என்பது இல்லை. ஆகவேதான் அங்கே பெஞ்சு கடைசியில் இல்லை. கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது.

இளம் அறுவை மருத்துவருக்கு மிகக் கடினமான பாடம் எது தெரியுமா? கத்தி பிடிப்பதைவிடக் கடினமானது, இரவு இரண்டு மணிக்குப் பெரிய டாக்டரை எழுப்புவது. "இதுகூடத் தெரியாதா என்று கோபித்துக்கொள்வாரோ" என்ற கூச்சம் ஓர் உயிரையே வாங்கிவிடும். அக்காலத் தோட்டத்து டிரஸ்ஸரை நினைத்துப் பாருங்கள். எல்லா நோய்க்கும் தாமே மருந்து கொடுத்தவரைவிட, "இது என் கைக்கு மிஞ்சியது, உடனே வண்டியில் ஏற்றுங்கள்" என்று சொன்னவரே நம் மக்களைக் காப்பாற்றினார். தன் எல்லையை அறிவதும் திறமையில் ஒரு பகுதி.

களைப்பும் ஒரு பகைவன். 1984இல் நியூயார்க்கில் லிபி சயான் என்ற 18 வயதுப் பெண் மருத்துவமனையில் சேர்ந்த சில மணி நேரத்தில் இறந்துபோனார். இரவு முழுதும் அவரைக் கவனித்தவர்கள், நீண்ட நேரப் பணியில் இருந்த பயிற்சி மருத்துவர்கள். மூத்தவர் எவரும் நேரில் வந்து பார்க்கவில்லை. அப்பெண்ணின் தந்தை விடாமல் நடத்திய போராட்டத்தின் விளைவாக, பயிற்சி மருத்துவருக்கு வாரம் 80 மணி நேரமே வேலை என்ற வரம்பை நியூயார்க் மாநிலம் 1989இல் கொண்டுவந்தது. 2003இல் அது அமெரிக்கா முழுமைக்கும் விதியாயிற்று. சிங்கப்பூர் 2010இல் தழுவிய முறையிலும் அந்த வரம்பு இருந்தது. எண்பது மணி நேரமும் குறைவில்லைதான். ஆனால் வரம்பே இல்லாத காலத்தை எண்ணினால் அதன் அருமை விளங்கும்.

தவறு நேர்ந்தால் என்ன செய்கிறார்கள்? பயிற்சி மருத்துவமனைகளில் குறித்த காலத்தில் ஒரு கூட்டம் நடக்கும். இறந்தவர்கள், சிக்கலுக்கு உள்ளானவர்கள் பற்றிய விவரங்களை எல்லார் முன்னிலையிலும் எடுத்து வைத்து, எங்கே பிசகியது, அடுத்த முறை எப்படித் தடுப்பது என்று ஆராய்வார்கள். அங்கே பேராசிரியரும் பதில் சொல்லியாக வேண்டும். 2008இல் உலகச் சுகாதார நிறுவனம் அறுவைக் கூடத்துக்கென 19 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலை வெளியிட்டது. நோயாளி யார், எந்த உறுப்பு, எந்தப் பக்கம், பஞ்சும் கருவியும் எண்ணிப் பார்த்தாயிற்றா என்பவை போன்ற எளிய கேள்விகள்தாம் அவை. எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் அதைச் சோதித்தபோது, மரணம் நூற்றுக்கு 1.5 என்பதிலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. கேள்வி கேட்கும் உரிமை இளையவருக்கும் தாதிக்கும் கிடைத்தது இதில் பெரிய செய்தி.

இப்போது கட்டிலில் படுத்திருக்கும் நம் தொழிலாளியிடம் திரும்புவோம். "இந்தச் சின்ன டாக்டர் என்மேல் கத்தி பழகுகிறாரா?" என்று கேட்டாரே, அவருக்கு மழுப்பாமல் விடை சொல்ல வேண்டும். ஆம், பழகுகிறார். முன்பு பெரும்பாலும் ஏழைகளின் உடம்பிலேயே பழகினார்கள் என்பதும் உண்மை. அந்த ஏழைகளுக்கு வரலாறு நன்றி சொல்ல மறந்துவிட்டது. ஆனால் அவர் தனியே பழகவில்லை. அவர் கைக்குப் பின்னால் இன்னொரு கண் இருக்க வேண்டும் என்பதுதான் இத்தனை ஆண்டுக் காலப் போராட்டத்தில் வகுக்கப்பட்ட விதி. அந்தக் கண் விழித்திருக்கிறதா என்று கேட்டறிய நோயாளிக்கு உரிமை உண்டு.

ஆகவே, கையெழுத்துப் போடும் முன் மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். எனக்கு அறுவைச் சிகிச்சை செய்யப் போவது யார்? அவர் பயிற்சியில் இருப்பவரானால் உடன் நிற்கும் மூத்த மருத்துவர் யார்? இரவில் எனக்கு ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடுவார்கள்? மரியாதையாகக் கேட்டால் நல்ல டாக்டர் எவரும் கோபிக்க மாட்டார். மொழி தடையாக இருந்தால் படித்த பிள்ளை ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் லயத்து வீட்டிலும் டாக்டராகும் ஆசையோடு ஒரு பிள்ளை படித்துக்கொண்டிருக்கலாம். "அத்தனை வருஷப் படிப்பு நமக்கு ஆகுமா" என்று முளையிலேயே கிள்ளிவிடாதீர்கள். சென்னைக்கும் எடின்பரோவுக்கும் கப்பல் ஏறிய காலம் போய், இன்று இந்தப் பாதை நம் வட்டாரத்திலேயே இருக்கிறது. நீண்ட பாதைதான். ஆனால் ஒவ்வொரு படியிலும் கைபிடித்து ஏற்றிவிட ஒருவர் இருப்பார். நாளை அந்தப் பிள்ளை மேலே ஏறி நிற்கும்போது, கீழ்ப்படியில் நிற்கும் இன்னொரு பிள்ளைக்கு அதே கையைக் கொடுக்கும்.